அப்பா கேட்ட ஆள்

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். நம் மாரியம்மன் எனக்குச் செய்ததை யாராவது படித்துச் சொல்லுங்கள்.

1926ஆம் வருஷம், மாசி மாதம். மலாயாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், அப்பாவுக்கு இரண்டு கண்ணும் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் தாலி இழந்தவள். பிள்ளை இல்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போக வேண்டும். வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை.

அப்பா வெளியே வந்து துரை கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதற்காகத் தினமும் அவர் காலைப் பழைய சேலையால் தூணோடு கட்டி, கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். மதியம் வரும்போது அசுத்தத்திலேயே கிடப்பார். திட்டுவேன். ஒருநாள் அடித்தேன். "தாயே, இவரை எடுத்துக்கொள்" என்று கோயிலில் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

கட்டியும் பயனில்லை. கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"கெழவன் பேரு கப்பலுக்கு எழுதியாச்சு. கட்டிப் போட்டு வளக்க இது என்ன ஆடா?"

கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயமே சிரித்தது.

அன்று அம்மன் காலடியில் விழுந்தேன். "நான் முன்னே கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அவர் இங்கேயே இருக்கட்டும். பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் காட்டு."

பக்கத்து வீட்டுக் கிழவியைப் பேசி வைத்தேன். அப்பா மறுத்துவிட்டார்.

"எனக்குச் சன்னாசிதான் வேணும்."

சன்னாசி லயத்துக்குத் தண்ணீர் தூக்குகிறவன்; அப்பா குளிக்கவும் அவன்தான் கொண்டுவருவான். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் இருந்து வந்தவன்.

"அது பைத்தியம்பா!"

"இருக்கட்டும். சுடுதண்ணியா, பச்சத்தண்ணியான்னு அவன் கேக்குறான். நீ ஊத்துற."

மறுநாள் பெரட்டுக்கு அப்பா சன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கங்காணி கை தட்டினார்.

"அடேய், குருடனுக்குக் கிறுக்கன் கண்ணு! நல்ல சோடிடா!"

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணிக்குப் பயந்து நானும் சிரித்தேன். என் குரல் கேட்ட பக்கம் அப்பா முகம் திரும்பியது.

சன்னாசி ஒரு கூடை ஒட்டுப்பாலை அப்பா முன்னால் வைத்தான். மரத்தில் காய்ந்து உரித்தெடுத்த பால் அது. பட்டைத் தூள் ஒட்டியிருக்கும். அப்பா விரலால் தடவித் தடவிச் சுத்தம் செய்தார். துரை நின்று பார்த்தார். ஒரு கட்டியை எடுத்துத் திருப்பினார். கண் உள்ளவர்கள் எடுத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அப்பாவுக்கு அரைநாள் கூலிக்குப் பேர் போடச் சொல்லிவிட்டார். கப்பல் பட்டியலில் அவர் பேரை அடித்துவிட்டார்கள். நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அம்மன்தான் செய்தாள். வேறு யார்?

அன்று மாலையே அப்பா லயத்தின் கடைசி அறைக்குச் சன்னாசியோடு போய்விட்டார். சோறு கொண்டுபோனேன். அப்பா உள்ளேயிருந்து சொன்னார்.

"வெளிய நின்னு கேளு. நான் வான்னு சொன்னா உள்ள வா."

மூன்று வருஷம் ஆகிறது. இப்போது யார் மேலும் நான் கை ஓங்குவதில்லை. உங்கள் வீட்டில் முடியாதவர் இருந்தால் அம்மனை நம்பிக் கேளுங்கள், தருவாள். உங்களுக்குப் பிடித்த ஆளாகத் தருவாள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா வாசலில் நின்று கேட்கிறேன். சில நாள் "வா" என்கிறார். சில நாள் உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. சோற்றை வாசலில் வைத்துவிட்டு, அவர் உயிரோடு இருக்கிறார் என்று கும்பிட்டுத் திரும்புகிறேன்.