கணக்கில் வராத லட்டு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிரசாதத்தில் கொழுப்பு கிடையாது என்று நாற்பது வயதுவரை நம்பியவன் நான்.

கொலஸ்ட்ரால் கூடுதல் என்று டாக்டர் சொன்னதும் முட்டையை விட்டேன், கறியை விட்டேன், வடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால், பிழைக்கப் போன ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வாராவாரம் யாராவது மலைக்குப் போய்வருவார்கள். திருப்பதிக்காரன் என்று முதல் லட்டு எனக்குத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றேன். சாமி கொடுத்தது ரத்தத்தில் சேருமா என்ன?

மறுபரிசோதனைக்குத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறவள். துடைப்பக்குச்சி மாதிரி இருப்பாள். துணைக்கு என்று பெயர். உண்மையில் எனக்கு ஊசி என்றால் பயம்.

“நீயும் ரத்தம் குடுக்கா. அப்பத்தான் நான் கைய நீட்டுவேன்.”

“எருமை மாதிரி வளந்துகினு பேச்சைப் பாரு” என்றாள். ஆனாலும் கொடுத்தாள்.

சாயந்திரம் பார்த்தால், என்னுடையது குறையவில்லை. அவளுடையது என்னுடையதைத் தாண்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். “களி துன்னுகினே இவ்ளோ கொழுப்பாக்கா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்பா இல்லை என்றதும், எப்படிப் போனார் என்று தெலுங்கில் கேட்டார்.

“நைனா மாங்கா கூடையை இறக்கி வச்சிட்டு உக்காந்தாரு. அவ்ளோதான்” என்றாள் அக்கா. “வாயுன்னாங்க. என்ன மாதிரி ஒல்லிதான் அவரும்.”

கொழுப்பு சோற்றில் இருந்து மட்டும் வருவதில்லை, உடம்பே தயாரிக்கிறது என்றார் டாக்டர். எப்போது தயாரிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்ள செல்லுக்குள் ஒரு ஜீன் இருக்கிறதாம். சில குடும்பங்களில் இந்த ஏற்பாடு எங்கோ பிசகிவிடுமாம். இருவருக்கும் மாத்திரை எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் அக்கா தன் மாத்திரைச் சீட்டை மடித்து என் சட்டைப்பையில் திணித்தாள். “துன்னாதவளுக்கு எதுக்குடா மாத்திரை?”

நைனாவின் கூடைதான் எனக்கு ஞாபகம் வந்தது. “உங்க கம்பெனியில கூழ் ஸ்டாக் கொறைஞ்சா பாய்லரைப் போடுவாங்க, நெறைஞ்சா நிறுத்துவாங்க இல்ல? நம்ம வீட்டு சூப்பர்வைசர் தூங்கிட்டான்க்கா. பாய்லர் ஓடிக்கினே இருக்குது. நைனாவுக்கு அதை யாரும் சொல்லல.”

சித்தூர் பஸ் வந்து நின்றதும் என் சட்டைப்பையில் கைவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டாள்.

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பியபின் தினமும் அவளுக்குப் போன் செய்தேன். பெரிய டாக்டர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாத்திரை போட்டியாக்கா?” என்பேன்.

“நீ லட்டு துன்னியா?”