சம்மாட்டி வாசித்த என் மரண அறிவித்தல்

பேய்க்குப் பயந்தவனாக இருந்திருந்தால் நான் கடற்றொழிலுக்கே போயிருக்க முடியாது. எழுவைதீவில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போகிற பாதை சேமக்காலை மதிலோடுதான் போகிறது, விடியப்புறம் அந்தக் கல்லறைகளைத் தாண்டி எத்தனை வருடம் நடந்திருப்பேன், ஒருநாளும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. முனி, பிசாசு என்று கதைக்கிறவர்களைப் பகிடி பண்ணுகிறவன் நான். இதைக் கேட்டுவிட்டு இந்த அருளப்புவுக்கு மண்டை பிசகிவிட்டது என்று நீங்கள் சொன்னால் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு நிறுவனம் செயற்கை நுண்ணறிவுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டியது. துறையைப் பார்த்தபடி ஒரு கமரா, உச்சியில் ஒலிபெருக்கி. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாம், போகக்கூடாது என்று அது நல்ல தமிழில் சொல்லும். படகும் வலையும் வைத்துக்கொண்டு ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிற முதலாளியைச் சம்மாட்டி என்பது எங்கள் வழக்கம். இதுவும் கரையில் இருந்துகொண்டு கட்டளை போட்டதால் அதற்கும் சம்மாட்டி என்றே பெயர் வைத்தோம். முதலில் அதன் சொல்லைக் கேட்டோம். பிறகு அது சின்னக் காற்றுக்கெல்லாம் போகவேண்டாம், போகவேண்டாம் என்றது, வீட்டில் இருந்தால் உலை கொதிக்குமா, அது சொல்லச் சொல்லப் போனோம், மீனோடு திரும்பி வந்தோம்.

இதற்கிடையில் எங்கள் செயலாளர் பாக்கியநாதர் ஒரு வேலை பார்த்தார். ஊரில் சாவு விழுந்தால் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர் அவர்தான். அவருக்கு அடிக்கடி தொண்டை கட்டும், சம்மாட்டிக்கோ வானொலிக் குரல், அதனால் மரண அறிவித்தல்களை அதனிடமே கொடுத்துவிட்டார். அதுவும் கேட்கிறவர்கள் கண்கலங்கும்படி வாசித்தது. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. சம்மாட்டி அதையும் கமராவால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்போது எங்களில் யாருக்கும் இது உறைக்கவில்லை.

வாடைக் காற்று தொடங்கியிருந்த ஒரு காலை. என் தமையன் சூசை முதல்நாள் பின்னேரம் தனியாக வலை போடப் போனவர், விடிந்தும் வரவில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் எனக்குப் போன் எடுத்தார். "எஞ்சின் நிண்டுட்டுது. படகு மேற்கால இழுபட்டுக்கொண்டு போகுது, கெதியா வா" என்றார், அதோடு தொடர்பு அறுந்தது. துறையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் படகுகளைத் தள்ளினார்கள், யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன், ஒலிபெருக்கி கரகரத்தது.

"எழுவைதீவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட வஸ்தியான் அருளப்பு இன்று காலமானார்."

நம்பினால் நம்புங்கள், என் பெயர்தான், என் தகப்பனின் பெயர்தான். பிறகு அன்னார் இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர் என்று வழமைபோல இழுத்துக்கொண்டு போனது, எனக்குக் காது அடைத்துவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. நல்லடக்கம் பற்றிய விபரம் பின்னர் அறிவிக்கப்படும் என்ற கடைசி வசனம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்றவன் என் தோளைத் தொட்டுப் பார்த்தான், சூடு இருக்கிறதா என்று பார்த்தானோ என்னவோ.

நான் உயிரோடு நிற்கிறேன், எல்லாருக்கும் கண் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொருவராகப் படகை விட்டுக் கையை எடுத்தார்கள். சாவு அறிவித்த பிறகு படகு இறக்கி ஒருவருக்கும் பழக்கமில்லை. மிசின் பெயரை மாற்றி வாசித்திருக்கும், போனது சூசையாகத்தான் இருக்கும் என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, மற்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தண்ணீரில் தத்தளிக்கிற மனிதனுக்குக் கரையில் துக்கம் காக்கிறார்கள், எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சங்கத்துக்கு ஓடினேன். பாக்கியநாதர் வேர்த்து விறுவிறுத்து நடுவில் நிற்கிறார், பெட்டியின் வயர், ஒலிபெருக்கியின் வயர், பற்றறி எல்லாம் கழற்றித் தரையில் கிடக்கின்றன. அவர் வாயைத் திறக்கமுதல் மேலே ஒலிபெருக்கி மறுபடியும் என் பெயரைத் தொடங்கியது. நான் தூஷணத்தில் ஏசினேன், என் சத்தத்தில் அது வாசித்தது எனக்கே கேட்கவில்லை. அப்போது என் போன் அடித்தது. எடுத்தால் அதே குரல்.

"அருளப்பு, நீர் போகவேண்டாம். பெருங்காற்று வருகிறது."

"செத்தவனுக்கு என்னத்துக்குக் கோல் எடுக்கிறீர்?" என்றேன்.

அது சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "கடலில் ஒருவர். கரையில் பலர்."

"உமக்கு ஒராள். எனக்கு அண்ணை" என்று சொல்லிப் போனை அணைத்தேன்.

துறைக்குத் திரும்பி வந்தால் என் மனைவி திரேசா நிற்கிறாள். புருஷன் செத்துவிட்டான் என்று கேட்டு ஓடி வந்தவள், நான் குத்துக்கல்லு மாதிரி முன்னால் வந்து நின்றும் என்னைப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டை நனைய இறங்கி என் படகைத் தள்ளினாள். அந்தத் துறையில் அன்றைக்கு ஒரு பொம்பிளையும் ஒரு பிரேதமும்தான் படகு இறக்கினோம்.

அவளைக் கரையில் விட்டுத் தனியாகத்தான் போனேன். காற்று வந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். அள்ளி ஊற்றிய தண்ணீரில் பாதி நேரம் கண்ணே தெரியவில்லை. அந்தோனியாரைக் கூப்பிட்டேன், சம்மாட்டியைத் திட்டினேன், இரண்டும் மாறி மாறி. சூசை அண்ணையின் படகு பாதி தாழ்ந்து கிடந்தது, அவர் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பின்னேரம் கரைக்கு வந்து சேர்ந்தோம். ஊரே துறையில் நின்றது, ஒருவரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மிசின் மற்றவர்களைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சூசை அண்ணையின் முன்னால் சொல்லிப் பாருங்கள் என்பேன் நான்.

சம்மாட்டி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நிறுவனத்துக்காரர் வந்தார்கள், அப்படி எதையும் அது வாசித்ததற்குப் பதிவே இல்லை என்றார்கள், பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்கக் கேட்டதை இல்லை என்கிறார்கள், அதோடு எனக்கென்ன சண்டை. என் சங்கதி வேறு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஈரம் மாற்றிக்கொண்டு கதிரையில் இருந்தேன். திரேசா தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் நின்றாள்.

"நீங்கள் அதுக்கு அமலியைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

எடுத்த கோப்பையைத் திரும்ப வைத்தேன். எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில், பிறக்கும்போதே மூச்சில்லை. கட்டிலோரத்தில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு ஒரு பெயர் வைத்தோம், காதோடு காது. ஞானஸ்நானம் இல்லை, பதிவு இல்லை, பங்குச் சுவாமிக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள்ளும் அந்தப் பெயரை எடுத்ததில்லை, எடுத்தால் இரண்டு பேருக்கும் தாங்காது. காலஞ்சென்ற அமலியின் பாசமிகு தந்தை என்று அது என்னை வாசித்திருக்கிறது, எனக்குக் காது அடைத்த இடம் அதுதான்.

"நான் சொல்லேல்லை. நீர் சொன்னனீரோ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "பிள்ளையின்ர பேரைச் சத்தமாச் சொல்லி நான் கேட்டது இண்டைக்குத்தான்" என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டிச் சோதித்தால் இன்றைக்கும் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறேன். என் அடக்கம் எப்போது என்று அது இன்னும் அறிவிக்கவில்லை, அறிவிக்கட்டும், அன்றைக்கும் நான் தொழிலுக்குப் போவேன். எனக்குப் பயம் அதுக்கில்லை. ஒலிபெருக்கி கரகரக்கிற நேரம் திரேசா குசினியில் அடுப்பைத் தணித்துவிட்டு, சத்தம் போடாமல், ஒரு பெயருக்காகக் காத்து நிற்கிறாள்.