பத்து எண்ணுவதற்குள் வந்த பாட்டு

எனக்குப் பத்து வயதிருக்கும்போது இரண்டு பெரியவர்களின் காதுக்குப் பரீட்சை வைத்தேன். கணக்கில் நான் வாங்கிக்கொண்டிருந்த மார்க்குக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பதவி.

எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் ஹாலில், அப்பா தன் கையால் செய்த வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. அதன் பின்வரிசையில் நிற்கும், பல்பு மாதிரிச் சூடேறி வேலை செய்யும் கண்ணாடி வால்வுக்கு ரெக்டிஃபையர் என்று பெயர். ஏசி கரண்டை டிசியாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. ஆனால் அதற்காகத்தான் அப்பாவும் மாமாவும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் ரெக்டிஃபையர் கரண்டில் கொஞ்சத்தை முழுங்கிவிட்டுத்தான் மீதியைத் தரும். அதனால்தான் பாட்டு இதமாக இருக்கிறது என்பார் அப்பா. அதனால்தான் மிருதங்கம் தூங்கி வழிகிறது என்றார் மாமா. கூடவே, அக்கா புருஷன் என்றும் பாராமல், அத்திம்பேருக்குக் காதே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா தானாகவே கே.கே. நகரிலிருந்து வந்தார். கையில் பழைய பனியனில் சுற்றிய ஒரு ரெக்டிஃபையர், வேறு ரகம், அப்பாவுக்கென்றே வாங்கி வந்தது.

"இன்னிக்கும் கத்திண்டா, என் தம்பி இனிமே இந்தாத்துப் படியேற மாட்டான்" என்றாள் அம்மா, என்னவோ என்னால் தடுக்க முடியும் என்பதுபோல.

ஏற்பாடு இதுதான்: இருவரும் ஜன்னலைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார வேண்டும். முதலில் அப்பாவின் வால்வில் ஒரு பாட்டு. பிறகு நான் அணைத்து, ஆறவிட்டு, மாமாவுடையதைச் செருகி அதே பாட்டைப் போட வேண்டும்.

முதல் பாட்டு முடிந்து, ஆறியதும் நான் பழையதைத் துணியால் பிடித்துக் கழற்றினேன். பனியனைச் சரசரக்க வைத்தேன். பிறகு அதே பழையதையே திரும்பச் செருகினேன். இரண்டு மேதைகளை ஒரே கல்லில் அடிக்க இனி எப்போது வாய்க்கும்?

சுவிட்சைப் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் பாட்டு வந்துவிட்டது.

"பாத்தேளா அத்திம்பேரே! மிருதங்கம் எப்படி நிமிந்து உக்காந்துடுத்து!" மாமா தொடையில் ஓங்கித் தட்டினார்.

நான் சிரிப்பை அடக்க ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொண்டேன். அப்பா பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

"ஆமாண்டா, நீ சொன்னது சரிதான். இதுவே இருக்கட்டும்" என்றார் கடைசியில்.

மாமா ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருந்தார். அம்மா அவருக்கு மட்டும் மூன்றாவது தடவை ரசம் ஊற்றினாள். உலகத்தையே ஏமாற்றிவிட்ட களைப்பில் நான் சீக்கிரம் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் அப்பா மாமாவின் வால்வை நிஜமாகவே மாட்டிக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டார். நான் எண்ணினேன். பத்து. பதினைந்து. சத்தமே இல்லை. போச்சு, உடைத்துவிட்டேன் என்று அழத் தயாரானேன்.

"அசடே, உடையலை. இந்த ரகம் மெதுவாத்தான் சூடேறும். அரை நிமிஷம் பிடிக்கும், எப்பவுமே அப்படித்தான்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

சொன்னபடியே பாட்டு வந்தது. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷத்தில் நான் விளையாட ஓடிவிட்டேன். முந்தின நாள் பாட்டு பத்து எண்ணுவதற்குள் வந்தபோதே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கு உறைக்கப் பல வருஷமாயிற்று.