அம்மாவின் கடல் பூ

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு ஷோகேஸின் நடுத்தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நீலப் பெயிண்ட் மங்காமல் இருக்கிறது. சுற்றிலும் வெளுத்துப்போய்விட்டது. அங்கேதான் அம்மாவின் கடல் பூ இருந்தது. வெள்ளைப் பவளப்பாறைத் துண்டைத்தான் அப்படிச் சொல்வோம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அம்மா ராமேஸ்வரத்தில் வாங்கி வந்தது. அந்த நாளில் எங்கள் தெருவிலும் ராஜபாளையத்துச் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். இப்போதும் அந்தத் தட்டைத் துடைக்கும்போது எனக்கு அத்தானின் நினைவு வரும். மனசு ஒரு நிலையில் நிற்காது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். செண்பகத்தோப்பில் வனத்துறை ரேஞ்சராக இருந்தவர். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதர்; சாப்பிடும்போதே கண் வாசலில் இருக்கும். மலையிலிருந்து விறகுக்கட்டோடு இறங்குகிற பெண்களை நிறுத்தி, ஒரு குச்சியை உருவி நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் கட்டை இறக்கச் சொல்லிவிடுவார். காய்ந்த சுள்ளி என்றால் "போ தாயி" என்று விட்டுவிடுவார். அவருடைய நியாயமெல்லாம் அந்த நகத்தில்தான் இருந்தது.

எண்பதுகளின் பின்பாதியில் அவரை ராமேஸ்வரம் பக்கம் மாற்றினார்கள். கடலையும் வனத்துறைதான் காக்க வேண்டும் என்று ஆகியிருந்த காலம். மலையில் அலைந்தவரைப் படகில் ஏற்றினால் என்ன ஆகும்? போன புதிதில் வாந்தி எடுத்தே பாதியாக இளைத்துவிட்டார். லாட்ஜும் கடையும் சாக்கடையும் யாத்திரைக் கூட்டமுமாக மூச்சு முட்டும் அந்தத் தீவைச் சுற்றிக் கடலுக்குள் ஒரு காடு இருக்கிறது என்று சொன்னால் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளக்கல் ஏற்றிப்போகும் வண்டிகளை நிறுத்தினார். பழக்கதோஷத்தில் ஒரு கல்லை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளும் புறமும் வெள்ளை. "காய்ஞ்ச கல்லு சார்" என்றார்கள். சரி போ என்று அனுப்பிவிட்டார். மாதக்கணக்கில் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்.

ஒருநாள் படகிலிருந்து அப்போதுதான் இறக்கிய குவியல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தவிட்டு நிறம், தொட்டால் வழவழப்பு, மீன் கவிச்சி. சில நாள் கழித்து அதே வழியாக வந்தபோது அதே குவியல் வெயிலில் வெள்ளைவெளேரென்று கிடந்தது. இத்தனை நாள் தாம் அனுப்பி வைத்ததெல்லாம் பச்சை மரம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எங்கள் பஸ் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். தை அமாவாசைக்காக ராஜபாளையத்தில் பிடித்த டூரிஸ்ட் பஸ். பாதிப்பேர் எங்கள் தெருப் பெண்கள். தரிசனம் முடிந்து திரும்பும்போது, பாலம் ஏறுவதற்கு முன்னால், காக்கிச் சட்டையோடு அத்தான் உள்ளே ஏறினார். "எங்க மாப்பிள்ள வந்திருக்காக" என்று அம்மா பெருமையாக எழுந்தாள். அவர் முதலில் கைநீட்டியது அம்மாவின் பைக்குத்தான்.

"அத்தை, கடல் பூ வாங்கியிருந்தா எடுத்துக் குடுத்துருங்க."

"காய்ஞ்ச கல்லுதான மாப்ளே? ஒங்க வீட்டு ஷோகேஸுக்குத்தான் வாங்கினேன்."

"அது காயப்போட்டது அத்தை. கடலுக்குள்ள உசுரோட இருந்தது."

அம்மா எடுத்துக் கொடுத்தாள். அதன்பின் யாராலும் மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு பையாகத் திறந்தது. "சொந்த மாமியாருன்னுகூடப் பாக்கலையே, இவரெல்லாம் ஒரு மனுசனா?" என்றது பின் சீட்டுக் குரல். எனக்கும் அன்றைக்கு அவர்மேல் ஆத்திரம்தான். தெருப் பெண்கள் முன்னால் அம்மாவின் முகம் சுண்டிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா அவரோடு பேச்சை விட்டாள். சோற்றில் குறை வைக்கமாட்டாள். ஆனால் "ஏட்டி, ஒங்க அத்தானுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று எல்லாமே என் வழியாகத்தான். ஷோகேஸின் மூலையில் கிடந்த பழைய கடல் பூவை அவர் கண்ணில் படும்படி நடுத்தட்டுக்கு நகர்த்தி, வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்தாள். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். செத்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அக்கா இருவருக்கும் நடுவில் கிடந்து தவித்தாள். பிறந்த வீட்டுக்கு வருவதற்கே யோசிக்க ஆரம்பித்தாள். இப்படியே விட்டால் அவள் வரவே மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தொண்ணூறுகளில் ஒரு பொங்கலுக்கு வந்திருந்தார்கள். வெள்ளையடிப்பதற்காகத் தொட்டியில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடக் கூப்பிடப்போன அக்காவிடம், "எம்புட்டு வண்டி தெரியுமா? நானே கையைக் காட்டி அனுப்பி வச்சேன். பச்சை எது, காய்ஞ்சது எதுன்னு தெரியாதவன் எதுக்கு ரேஞ்சர் வேலைக்கு வந்தேன்?" என்றார். அம்மா அடுக்களை ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவர் வீம்புக்காகத் தன்னை அவமானப்படுத்தினார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

பொங்கல் முடிந்து அவர்கள் கிளம்பும்போது அம்மா கடல் பூவைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதத் திரும்பக் கடல்ல போட்டா உசுரு வருமான்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள், "வரும் அத்தை" என்றார் அவரே.

"அப்போ கொண்டுபோங்க மாப்ளே."

பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டேன், "நெசமாவா அத்தான்?"

"செத்தது செத்ததுதான் ஏட்டி. ஆனா அது மேல புதுசு வந்து ஒட்டி வளரும்னு சொல்லுதாக. பாப்போம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அத்தான் அதைக் கடலில் போட்ட பொறவு, அவர் வரும்போதெல்லாம் அம்மா வாசலிலேயே கேட்பாள், "மாப்ளே, ஒட்டுச்சா?" "இன்னும் இல்லை அத்தை" என்பார். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டாள். அப்போதும் ஒட்டிவிட்டது என்று அவர் பொய் சொல்லவில்லை.

இப்போது அத்தான் ஓய்வுபெற்றுவிட்டார். போன வாரம் வந்தவர் நாற்காலியைத் திருப்பிப் போடாமல் ஷோகேஸைப் பார்த்து உட்கார்ந்தார். செத்த நேரத்தில் எழுந்தார். கண்ணாடியைத் தள்ளி, அந்த நீலத்தில் நகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒட்டிருச்சு ஏட்டி. போன மாசம் போயிப் பாத்தேன். வெரல் நுனி அளவுதான் இருக்கு. அத்தைகிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன்."