சாமிக்கு வைக்காத சில்லு

கடல் கடந்த ஒரு சிங்க்ரோட்ரான் கூடத்தில், கடும் எக்ஸ் கதிர் பாய்ச்சும் இடத்தில், எனக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே ஒருவர் என் சில்லுகளை ஏற்றுவார். பதுளைப் பல்கலைக்கழகத்தில் நான் கணினித் திரையில் பார்ப்பேன். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாருக்காக என்று கேட்காதீர்கள், இலத்திரன்களுக்காகத்தான்.

சிலிக்கன் சில்லுகளின் மேல் தைத்தேனியம் என்ற உலோகத்தின் ஒட்சைட்டை மெல்லிய படலமாகப் பூசியிருந்தேன். எக்ஸ் கதிர் பட்டதும் மேற்பரப்பிலிருந்து இலத்திரன்கள் தெறிக்கும். அவற்றின் சக்தியை வைத்து அங்கே என்னென்ன அணு இருக்கிறதென்று சொல்லிவிடலாம். தெரிவது மேலே உள்ள சில அணு அடுக்குகள் மட்டும். ஒரு விரல் பட்டாலும் கதை கந்தல். இந்தப் பகல் வீணானால் என் பட்டமும் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

முதல் சில்லின் வரைபில், இருக்கவே கூடாத கல்சியம் நமுனுகுல மலை மாதிரி எழுந்து நின்றது. இரண்டாவதிலும் அதே மலை. மூன்றாவதிலும்.

“இவற்றைச் சுண்ணாம்பில் போட்டு எடுத்தீர்களா?” என்று அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

தபாலில் போடுவதற்கு முன் சில்லுப் பெட்டி ஓர் இரவு ஹாலிஎல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அந்தப் பொட்டியத் தொறந்தியாம்மா?”

“புதுச் சாமான் கடல் தாண்டிப் போகுது, சும்மாவா அனுப்புறது? சாமிகிட்ட வச்சுத் திருநீறு பூசுனேன். அப்புறம் நீ திட்டுவேன்னு முந்தானையால பளபளன்னு தொடச்சுட்டேன்டி.”

முந்தானையால்! மலையாக நின்றது திருநீற்றுச் சாம்பலின் கல்சியம். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாத்துக்குமா பூசுன?”

“ஒன்னு மூளியா இருந்துச்சே, ஓரம் ஒடஞ்சது. மூளியப் போயி சாமிக்கு வைப்பாங்களா? அதத் தொடவே இல்ல.”

வெட்டும்போது உடைந்த நாலாவது சில்லு அது. இருக்கட்டும் என்று பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். “நாலாவதைப் போடுங்கள்!” என்று நான் கத்திய கத்தலில் அங்கிருந்தவர் பயந்தே போயிருப்பார்.

கல்சியம் இருந்த இடம் வெறுந்தரை. தைத்தேனியம் தனக்கே உரிய இரண்டு உச்சியோடு அழகாக எழுந்து வந்தது. சுழல் நாற்காலியில் தலை கிறுகிறுக்கும்வரை சுற்றினேன். பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா உடனே வழி சொன்னாள். “அப்ப அடுத்த தடவ எல்லாத்தையும் ஓரத்துல ஒடச்சே கொண்டா.”

இப்போது நான் அனுப்பும் ஒவ்வொரு சில்லும் மூளிதான். ஏன் என்று அங்கிருந்து கேட்டார்கள். எங்கள் ஊர்ச் செய்முறை அப்படி என்று பதில் எழுதிவிட்டேன்.