வால்வைக் கழற்றியது அண்ணன் இல்லை

எங்கள் அண்ணனை இழந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்துக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு அண்ணனின் நற்குணங்களை மட்டும் எழுதித் தரும்படி பெரியவர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். கூடவே, ஓராண்டாக நீங்கள் பேசிவந்த ஒரு பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடப் போகிறேன். கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று யாராவது சொன்னால், ஆமாம், கோபம்தான்.

அண்ணன் பிறந்தது நாட்றாம்பாளையத்தில். விளைந்த ராகியில் பாதியை யானை தின்றுவிட்டுப் போகும் நிலம் எங்களுடையது. அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு ராயக்கோட்டைக்கு வந்து லாரி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். என்னை டிப்ளமோ படிக்கவைத்து, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலைக்கு அனுப்பிய பிறகுதான் தனக்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் போட்டார். தக்காளி மார்க்கெட்டுக்கு வரும் வேன்களில் முக்கால்வாசி அவர் கை பட்டவை.

ஒரே ஒரு விஷயத்தில் அவருக்குப் பொல்லாத பிடிவாதம். வண்டி அடிக்கடி சூடானால் நம் பக்கத்தில் பலர் முதலில் செய்வது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவு அது. இன்ஜின் தன் சூட்டுக்கு வந்ததும் தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். “நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?” என்பார்கள். அண்ணன் ஒருநாளும் அப்படிக் கழற்றியதில்லை.

“இந்த இன்ஜின்ல அதக் கழட்டுனா பக்கத்து வழி எந்நேரமும் தொறந்தே கெடக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போவாமலே இன்ஜினுக்குத் திரும்பிரும். வெறும் வண்டியில தெரியாது. லோடு ஏத்தி மேட்டுல ஏறுறப்பதான் தெரியும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்வார்.

புது வால்வு வாங்கும்போதும் அப்படித்தான். அந்த இன்ஜினுக்கு எண்பத்திரண்டு டிகிரி என்றால் எண்பத்திரண்டுதான். சீக்கிரம் திறக்கட்டுமே என்று எழுபத்தொன்று வாங்கிவந்த ஒருவரைக் கடைக்கே திருப்பி அனுப்பினார். பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே மாட்டவும் மாட்டார். அடுப்பில் சட்டி வைத்து, வால்வை அடியில் படாமல் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு குனிந்து நிற்பார். “என்னடா, கொழம்பு கொதிச்சுதா?” என்று கேலி பேசியவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர். அம்மாவுடன் பிறந்தவர், தக்காளி லோடு அடிக்கும் பிக்கப் வேன் வைத்திருப்பவர். அந்த வேனுக்கும் அண்ணன்தான் அப்படிப் பார்த்து வால்வு மாட்டியிருந்தார்.

போன கோடையில், நான் விடுப்பில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரு நாள், உச்சி வெயிலில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு மாமா அப்போதுதான் அந்த வழியே வந்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், லோடை இறக்கவும் நேரமில்லாமல், அதிலேயே ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சானமாவு காட்டு மேட்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஆவி அடித்து வண்டி நின்றுவிட்டது. மாமா பதறிப்போய் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, “மாமா, மூடியத் தொறக்காதீங்க. கை வெந்துரும்” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

கர்நாடகா திரும்பிக்கொண்டிருந்த ஒரு கார்க்காரர் நிறுத்தி, “பேக ஹத்தி, பேக ஹத்தி” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் கருமாதிப் பந்தியில் நீங்கள் சொன்னீர்கள். “ஊருக்கெல்லாம் வால்வு மாட்டுனான். கடைசியில அவன் மாட்டுன வால்வே அவனுக்கு எமனாயிருச்சு.” ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்ட, ரசம் வருவதற்குள் அது முடிவான செய்தியாகிவிட்டது. மறு வாரமே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, “உங்க வீட்டுக்காரரு மாட்டுனதக் கழட்டிக் குடுத்துருங்க” என்று அண்ணியிடம் கேட்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அவர் வேலையைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மாமா அதே பந்தியில்தான் இருந்தார். இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் சரியில்லை என்று எழுத வேண்டுமானால், எழுதுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த வேன் அன்றிலிருந்து மாமா வீட்டுப் பின்புறம் நிற்கிறது. பிரித்துப் பார்க்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், “போனவன் செஞ்ச வேலைய எதுக்கும்மா நோண்டுற?” என்று தட்டிக்கழித்தார். இந்த மலருக்காக மாமா வீட்டில் பழைய படம் வாங்கப் போன அன்று காலை, கேட்காமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்புறம் போனேன். வால்வு மூடிக்கு இரண்டே போல்ட். வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மாமா பின்னால் வந்து நின்றார்.

“அவன் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வண்டி ஹீட்டாச்சும்மா. கிருஷ்ணகிரியில ஒருத்தரு கழட்டிட்டா சரியாயிரும்னாரு. கழட்டுனதும் முள்ளும் எறங்குச்சு. உங்கண்ணன்கிட்டச் சொன்னா திட்டுவான்னு சொல்லல.”

“அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே மாமா?”

“அன்னிக்கு வாய் வரல. அப்புறம் எல்லாரும் அவனச் சொன்னாங்க. எனக்கு அதுவே சௌகரியமாப் போச்சு.”

சௌகரியம். அந்த வார்த்தையை நான் இந்தப் பிறவியில் மறக்கமாட்டேன். ரேடியேட்டரையும் பார்த்தேன். உள்ளபடி அந்த வேனில் இருந்த கோளாறு, ரேடியேட்டர் முகப்பில் மண்ணும் சருகும் அடைத்திருந்ததுதான். காற்றுப் போக வழியில்லை. தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தால் போதும்.

கழற்றிய வால்வைத் துணியில் சுற்றி டேஷ்போர்டில் வைத்திருந்தார். அவர் வீட்டு அடுப்பிலேயே சட்டி வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மாமாவையே தெர்மாமீட்டரைப் பார்க்கச் சொன்னேன். எண்பத்திரண்டில் அது வாய் திறந்தது. மாமா அடுப்பை அணைத்துவிட்டு, “எழுதும்மா, எல்லாத்தையும் எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். பெயர் தெரியாத அந்தக் கார்க்காரருக்கும், ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓடிவந்து போராடிய நர்சுகளுக்கும், ஒர்க்‌ஷாப்பைப் பூட்டாமல் நடத்திவரும் அண்ணிக்கும், பழி கேட்டும் வண்டியை வேறிடம் கொண்டுபோகாத சிலருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இந்த மலரை வாசலில் நின்று உங்களிடம் தருபவர் அவர்தான். தானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வாங்கும்போது அவர் கைகளைப் பாருங்கள். ஒரு கொப்புளத் தழும்புகூட இருக்காது. எங்கள் அண்ணன் கடைசியாகச் செய்த வேலை அது.