கொடியில் காய்ந்த துணி

கொழுப்பில் வெந்த திராட்சை வாசனை வந்தால் போதும், எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கிறிஸ்துமஸ் புட்டிங்கை நான் வாயில் வைத்து நாற்பது வருஷம் ஆகிறது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

1952, நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு வயது இருபத்திரண்டு. வயிற்றில் ஐந்து மாதம். பர்மிங்ஹாமில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்த வீட்டிலிருந்து, செப்டம்பரில்தான் என் கணவர் சிரிலின் கிராமத்துக்கு வந்திருந்தேன். வின்ட்பேட்ச் என்று ஊருக்குப் பெயர். சிரிலுக்குப் பண்ணையில் மாடு கறக்கிற வேலை. எங்களுக்கென்று வீடு கிடையாது. அவருடைய அம்மா கெசியா வீட்டில் மாடியறை ஒன்று கொடுத்திருந்தார்.

ஊர் அழகு, ஊர் அழகு என்கிறார்களே, அவர்களை அந்தத் தோட்டத்துக் கக்கூஸில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். ஒரு வாளி. சனிக்கிழமை அந்த வாளியை முட்டைக்கோஸ் பாத்தியில் கவிழ்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த முட்டைக்கோஸ் தட்டுக்கு வரும். சீ! புட்டிங் வேகிற இடம் அதற்கும் மேல். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒரு துவைக்கிற அறை, அதில் ஒரு செப்புக் கொப்பரை. திங்கட்கிழமை சிரிலின் சாணி படிந்த கால்சட்டை அதில் வேகும். நவம்பர் கடைசியில் புட்டிங் வேகும்.

நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார் அத்தை. "தேய்ச்சுக் கழுவினப்புறம் கொப்பரைக்கு ஞாபகமா இருக்கப்போவுது? பெரிய டவுன்காரி!"

அத்தைதான் அந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் போய் நிற்பார், ஆள் செத்தாலும் போய்க் குளிப்பாட்டுவார். கண்டிப்பானவர். அக்டோபரில் நான் ஒரு ஜாடியை உடைத்துவிட்டு, பூனை தள்ளியது என்றேன். அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"கை தவறலாம். வாய் தவறக் கூடாது. இன்னொரு பொய் சொன்னே, பெட்டியைக் கட்டு. வயித்துப் பிள்ளையோட எங்க போவேங்கறது உன் பாடு."

எனக்கு எங்கே போக்கிடம்?

பக்கத்து வீட்டு அம்ப்ரோஸ் கிழவர் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் செத்துப்போயிருந்தார். உயிரோடு இருந்தவரை அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. புகையிலை மென்று முற்றமெல்லாம் துப்புவார். கீழே இரண்டே இரண்டு பல், கறைபிடித்துப் பழுப்பாக இருக்கும். வாயைத் திறந்துகொண்டே மெல்லுவார். சப்... சப்... சப்... நம் வீட்டு மாவில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, அதே விரலை மறுபடியும் விடுவார்.

அன்றைக்கு மதியம் மாட்டுக் கொழுப்பும் உலர்ந்த திராட்சையும் பிராந்தியும் போட்டுப் புட்டிங் மாவு கிண்டினோம். அந்த வரிசை வீடுகளில் குடியிருக்கிற எல்லோரும் ஆளுக்கு ஒரு சுற்று கிண்டி, மனதுக்குள் ஒரு ஆசையை நினைத்துக்கொள்ள வேண்டும். அது அங்கே முறை. பிணத்தை முன்னறையில் வைத்துக்கொண்டே அம்ப்ரோஸின் மனைவி லெட்டியம்மாவும் வந்து கிண்டினார்.

"அவருக்கு ஒரு சுத்து பாக்கி நிக்குது கெசியா," என்று மூக்கைச் சிந்தினார். "வெள்ளிக்கிழமை கூடக் கேட்டாரு, புட்டிங் எப்பன்னு."

"செத்தவருக்கு எதுக்குடி சுத்து? நகரு," என்றார் அத்தை.

மூன்று கிண்ணம். மேலே துணி போட்டு, விளிம்பில் இழுத்துக் கட்டி, கொப்பரையில் இறக்க வேண்டும். அந்த வேலையை அத்தை முதன்முதலாக என்னை நம்பி விட்டிருந்தார். இரண்டு கட்டினேன். மூன்றாவதற்குக் கயிறு போதவில்லை. கேட்டால் ஏளனம் பேசுவார். அண்ணாந்து பார்த்தேன். கொடியில் ஒரு நீளமான வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூன்று விரல் அகலம். துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப் போனது. எடுத்தேன். கிண்ணத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து உச்சியில் முடிச்சுப் போட்டேன். அளவெடுத்தது போல் பொருந்தியது.

மணி 1.15. கொப்பரையில் இறக்கினேன்.

3.20. அத்தையும் லெட்டியம்மாவும் அடக்கத்தன்று பாட வேண்டிய பாட்டுகளைப் பேசிவரப் பாதிரியார் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"பொணத்தைத் தனியா விடக் கூடாது. நீ போய் உக்காரு. அப்பப்போ கொப்பரைக்குத் தண்ணி ஊத்து," என்றார் அத்தை.

லெட்டியம்மா வீட்டு முன்னறைக்கும் பின்பக்கத்துத் துவைக்கிற அறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். சன்னல்கள் மூடியிருந்தன. சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். என் கைக்கடிகாரம் மட்டும்தான் ஓடியது. ஒரு மெழுகுவர்த்தி. பலகை மேல் கிழவர். இமை திறக்காமலிருக்கக் கண்ணில் இரண்டு செப்புக் காசு. வாய் இறுக்கமாக மூடியிருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது இப்படி மூடியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

சுவருக்கு அப்பால் கொதிக்கிற தண்ணீரில் கிண்ணம் முட்டியது. டொக்... டொக்... டொக்...

3.50. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. புட்டிங் வாசனை வந்தது. கொழுப்பு, ஜாதிக்காய், பிராந்தி. சுவர் வழியாக வருகிறது என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி மோந்தேன். அங்கே சுண்ணாம்பு வாடைதான்.

வாசனை பலகையிலிருந்து வந்தது.

4.02. கிழவரின் உதடு ஈரமாக மின்னியது. மெழுகு வெளிச்சம், வேறொன்றும் இல்லை... என்று சொல்லிக்கொண்டேன். உதட்டோரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. தாடையில் நின்றது. வெள்ளையாக உறைந்தது.

மாட்டுக் கொழுப்பு.

4.07. வாய் ஒரு விரல்கடை திறந்திருந்தது. உள்ளே ஏதோ கறுப்பாக, உப்பி, பளபளவென்று... குனிந்து பார்த்தேன்.

திராட்சை.

4.12. சுவருக்கு அப்பால் டொக் டொக் நின்றது.

இந்தப் பக்கம் ஆரம்பித்தது.

சப்...

சப்... சப்...

தாடை அசைந்தது. அந்த இரண்டு பழுப்புப் பற்களுக்கு நடுவில் திராட்சை நசுங்கியது. ஒரு கண்ணிலிருந்து காசு வழுக்கித் தரையில் விழுந்தது. டிங்.

ஓடியிருக்கலாம். லெட்டியம்மா வந்து இதைப் பார்த்தால்? அத்தை கேட்டால்? என் கை தானாகப் போய் அந்தத் தாடையை அமுக்கி வாயை மூடியது.

முகம் பனிக்கட்டி. வாய் மட்டும் சுட்டது.

என் உள்ளங்கையை ஏதோ நக்கியது. மெதுவாக... சொரசொரவென்று...

உவ்வே! வாந்தி தொண்டை வரை வந்தது. கையை எடுக்கவில்லை.

4.20. கதவு திறந்தது. அத்தை. தனியாகத்தான் வந்தார். லெட்டியம்மா பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். அத்தை என் கையைப் பார்த்தார். அதன் கீழே அசைவதையும் பார்த்தார்.

"தாடைத் துணி எங்க?"

"என்ன துணி அத்தை?"

"செத்தவங்க வாய் பொளக்காம கட்டுற துணி. முப்பது வருஷமா இந்த ஊர்ல அத்தனை பேருக்கும் அதைத்தான் கட்டுறேன். தாடை வெறச்சுப்போச்சுன்னு காலைல இவருக்கு அவிழ்த்து, தொவச்சுக் கொடியில போட்டேன். எங்க?"

முப்பது வருஷத்துப் பிணங்களின் வாய்.

"நான்... பாக்கலை அத்தை."

சொல்லி முடிக்கவில்லை. என் கைக்குக் கீழே வாய் பெரிதாகத் திறந்தது. சிரிப்பதற்குத் திறப்பதுபோல.

"புட்டிங்ல!" என்று கத்திவிட்டேன். "புட்டிங்ல கட்டிட்டேன் அத்தை! தெரியாம கட்டிட்டேன்!"

அத்தை துவைக்கிற அறைக்கு ஓடினார். ஆவி பறக்கிற துணியோடு வந்தார். கொதிக்கக் கொதிக்க அதைக் கிழவரின் தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இழுத்து முடிந்தார். சத்தம் நின்றது. லெட்டியம்மா உள்ளே வந்தபோது அத்தை குனிந்து காசைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு கொப்பரையடியில் அந்தக் கிண்ணத்தைக் காட்டினார். மேலே போட்ட துணி கிழியவில்லை. அதன் அடியில், புட்டிங்கின் ஒரு ஓரத்தில் ஒரு வாய் அளவு காணவில்லை. குழியில் இரண்டு கோடுகள் ஆழமாகப் பதிந்திருந்தன.

"பொய் சொன்னே. உடனே நெசத்தையும் சொல்லிட்டே. அதனால வீட்டுல இரு," என்றார் அத்தை. "ஆனா இதுல மூணு பேரோட ரேஷன் சக்கரை இருக்கு. கொட்டினா லெட்டி ஏன்னு கேப்பா. என் மகனுக்கும் இதைக் கொடுக்க மாட்டேன். நீ கட்டினது. நீயே தின்னு."

தின்றேன். கிறிஸ்துமஸ் அன்று, கடித்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து தின்றேன். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே, என் பிள்ளைக்கு. ஒவ்வொரு வாயிலும் புகையிலை நாறியது.

மார்ச் 27-ல் பெண் பிறந்தாள். மணி 4.12. பிள்ளையை வாங்கிய அத்தை வாயைத் துடைக்க விரலை விட்டார். விட்டவர் அப்படியே நின்றார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. பல்லு."

கீழ் ஈறில் இரண்டு. பழுப்பாக. டாக்டர் வந்து பார்த்தார். ஆயிரத்தில் ஒரு பிள்ளை இப்படிப் பிறக்கும், பயப்படாதே என்றார். எனக்கும் மனது ஆறியது. பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினோராம் நாள் லெட்டியம்மா சால்வை பின்னிக்கொண்டு வந்தார். பிள்ளை கொட்டாவி விட்டது. லெட்டியம்மா கைகொட்டிச் சிரித்தார்.

"அடி ஆத்தி! எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாண்டி, கீழ ரெண்டு பல்லோட பொறந்தாராம். என் மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை.

என் மகள் தங்கமானவள். பாலூட்டினேன், வளர்த்தேன், கட்டிக்கொடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அவள் இரண்டாவது துண்டு கேட்கும்போது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

அப்படியும் கேட்கும்.

சப்... சப்... சப்...